அனுமதிப்பத்திரம் வந்தாயிற்று, அடுத்து என்ன? கொழும்பில் ஹாம் வானொலி தொடங்குவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

பரீட்சை எழுதி, காத்திருந்து, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பணம் கட்டி, சொந்தக் கருவியில் உலகத்தோடு பேசும் பொழுதுபோக்கான ஹாம் வானொலிக்கு ஒருவழியாக அனுமதிப்பத்திரம் கைக்கு வந்துவிட்டது. 4எஸ் என்று தொடங்கும் உங்கள் அழைப்புக்குறியைப் பத்துத் தரம் வாசித்தும் ஆயிற்று. இந்த இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். பரீட்சைக்குப் படித்தது ஓமின் விதியும், கியூ என்று தொடங்கும் சுருக்கக் குறிகளும். எந்த வயரை எங்கே கட்டுவது, முதலில் என்ன சொல்வது, ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் இல்லை.

நான் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு தொடர்மாடியின் நான்காம் தளத்தில் இருக்கிறேன். அதனால் இந்த வழிகாட்டி முக்கியமாகத் தொடர்மாடிக்காரருக்கு. இரண்டு தென்னை நிற்கும் வளவு உள்ளவர்கள் அன்டெனாப் பகுதியைப் பெருமூச்சில்லாமல் வாசிக்கலாம்.

முதலில் பத்திரத்தை ஒழுங்காக வாசியுங்கள்

நம் நாட்டில் நொவிஸ், ஜெனரல், அட்வான்ஸ்ட் என்று வகுப்புகள் உண்டு. உங்கள் வகுப்புக்கு எந்த அலைவரிசைகள், எத்தனை வாட் என்பது பத்திரத்தோடு வரும் நிபந்தனைகளில் இருக்கும். அந்தத் தாளைப் போட்டோப் பிரதி எடுத்து மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். நண்பர் சொன்னார், வெளிநாட்டு யூடியூப்பில் பார்த்தேன் என்பது இங்கே செல்லாது.

அப்புறம் உங்கள் இருப்பிடம் பற்றிய சில இலக்கங்களை மனப்பாடம் செய்யுங்கள். வானலையில் தினமும் கேட்பார்கள். உலகை வலயங்களாகப் பிரிக்கும் இரண்டு கணக்குகளில் இலங்கை சீக்யூ வலயம் 22, ஐடியூ வலயம் 41. உலக வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்ததில் கொழும்பின் கட்டக் குறியீடு எம்ஜே96. இந்தக் கட்டம் கிழக்கு நெடுங்கோடு 80 பாகையில் முடிந்துவிடும். அவிசாவளைப் பக்கம் போனால் நீங்கள் என்ஜே06இல் இருப்பீர்கள், யாழ்ப்பாணம் என்ஜே09. நேரம் எப்போதும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் கழிக்க வேண்டும். மேசையில் ஒரு மலிவான மணிக்கூட்டை அந்த நேரத்துக்கு வைத்துவிட்டால், இரவு பத்து மணிக்கு விரல்விட்டுக் கணக்குப் பார்க்கும் தொல்லை இல்லை.

வீட்டையும் அயலையும் சரிக்கட்டுவது

இதை எந்தக் கையேட்டிலும் எழுதுவதில்லை, எனக்கு இதுதான் முதல் படியாக இருந்தது. நான் மொட்டைமாடியில் வயர் கட்டப் போகிறேன் என்றதும் அம்மா முதலில் யன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். “ஆராவது பாத்தா என்ன நினைப்பினம் தம்பி?” என்றார். சோதனைச்சாவடிகளும் இரவுப் பதிவுகளும் இருந்த கொழும்பில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில், ரேடியோ, அன்டெனா என்ற சொற்களுக்கே தனி நிறம். அதைப் பகிடியாக எடுக்காதீர்கள்.

நான் செய்தது இதுதான். பத்திரத்தைக் காட்டி, இது அரசாங்கம் தந்த அனுமதி என்று வீட்டில் இருந்து விளக்கினேன். பிறகு கட்டடத்தின் முகாமைத்துவக் குழுவுக்கு ஒரு பக்கக் கடிதம், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், பத்திரத்தின் பிரதியோடு. கடிதத்தில் மூன்றே விஷயம்: வயர் மெல்லியது, கூரையில் துளை போட மாட்டேன், யாருடைய டீவியிலாவது தொல்லை வந்தால் உடனே நிறுத்துவேன். வாயிற்காவல் ஐயாவுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். கேள்வி கேட்க வருபவர் முதலில் பிடிப்பது அவரைத்தான். வெளியே கருவியோடு போகும்போதும் பிரதி பையில் இருக்கட்டும். துறைமுகம், இராணுவ வளாகங்கள் பக்கம் கருவியை வெளியே எடுக்காமல் இருப்பது புத்தி.

முதல் இரண்டு கிழமை: காது மட்டும்

பேசும் பொத்தானைத் தொடாதீர்கள். ரேடியோ வாங்க வேண்டும் என்று கூட இல்லை. நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் வெப்எஸ்டிஆர் என்று, இணையத்தில் யாரும் கேட்கக்கூடிய ஒரு வானொலிப் பெறுவி இருக்கிறது. அதில் 14 மெகா ஹெர்ட்ஸ் பகுதியைத் திறந்து, ஆட்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள், எப்படி முடிக்கிறார்கள் என்று கேளுங்கள். குரல் அனுப்ப இரண்டு முறைகள் உண்டு: பத்து மெகா ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்எஸ்பி, மேலே யூஎஸ்பி. மாற்றிப் போட்டால் எல்லாரும் வாத்து மாதிரிக் கதைப்பார்கள்.

சொந்தக் கருவி வந்ததும் முதல் வேலை 14.100இல் நிறுத்திக் கேட்பது. உலகம் முழுக்க 18 கலங்கரை நிலையங்கள் இந்த ஒரே அலைவரிசையில் முறைவைத்து, பத்துப் பத்து விநாடி ஒலிபரப்புகின்றன. மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். ஒவ்வொன்றும் தன் அழைப்புக்குறியை மோர்ஸில் அடித்து, பிறகு நான்கு நீண்ட கோடுகளை 100, 10, 1, 0.1 வாட்டில் அனுப்பும். அவற்றில் ஒன்று நம்முடையது: 4எஸ்7பி. நம் ஹாம்களின் சங்கமான ரேடியோ சொசைட்டி ஒஃப் ஸ்ரீலங்கா நடத்துவது. சுற்றுத் தொடங்கி ஒரு நிமிடம் முப்பதாவது விநாடியில், ஹொங்கொங் முடிந்ததும் அது வரும். அதற்கு அடுத்தது தென்னாபிரிக்கா, பிறகு கென்யா. அதே நிலையம் பத்துப் பத்து விநாடி தள்ளி 18.110, 21.150, 24.930, 28.200இலும் வரும்.

மோர்ஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மணிக்கூட்டைப் பார்த்தே எந்த நாடு என்று சொல்லலாம். ஜப்பான் கேட்கிறதா, கென்யா கேட்கிறதா, எந்த மணிக்கு எது எழும்புகிறது என்று ஒரு கொப்பியில் குறித்து வந்தால், இரண்டு கிழமையில் வானம் எப்போது எந்தப் பக்கம் திறக்கும் என்பது கையில் வந்துவிடும். என் கொப்பிப்படி, பின்னேரம் மூன்றிலிருந்து ஆறு வரை ஜப்பான் பக்கம். இரவு ஏழரைக்குப் பிறகு ஐரோப்பா. காலையில் 7 மெகாவில் இந்தியா. கொழும்பில் இருந்துகொண்டு, இயங்கும் நாளில் 4எஸ்7பியே காதில் விழவில்லை என்றால் உங்கள் அன்டெனாவிலோ கனெக்டரிலோதான் கோளாறு.

எந்தக் கருவி வாங்குவது

கையில் பிடிக்கும், 2 மீற்றர் அலைநீளத்துக்கான (145 மெகா ஹெர்ட்ஸ்) கருவி மலிவு என்று எல்லாரும் அதில்தான் தொடங்குகிறார்கள். பிழையில்லை, ஆனால் ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். ஐந்து வாட், ரப்பர் அன்டெனா, சுற்றிலும் பத்து மாடிக் கட்டடங்கள். நம் குரலை வாங்கி வலுவாகத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் நிலையம் எட்டும் இடத்தில் இருந்தால் சந்தோஷம். இல்லாவிட்டால் பத்து நாளில் அது அலுமாரிக்குள் போய்விடும். ரிப்பீட்டரைப் பயன்படுத்த, கேட்கும் அலைவரிசைக்கும் அனுப்பும் அலைவரிசைக்கும் இடையே 600 கிலோ ஹெர்ட்ஸ் ஒஃப்செட்டும், அதைத் திறக்கும் டோன் என்ற மெல்லிய ஒலியும் போட வேண்டும். சங்கத்து ஆட்களிடம் கேட்டு, அன்றைக்கு வேலை செய்யும் ரிப்பீட்டரின் விபரத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வகுப்பு இடங்கொடுத்தால் காசை, தூர நாடுகளை எட்டும் எச்எஃப் அலைவரிசைக் கருவியில் போடுங்கள் என்பதுதான் என் எண்ணம். 20 வாட் தரும் சியேகு ஜி90 போன்ற சின்னக் கருவியே போதும். 100 வாட் ஐகொம் 7300 இருந்தால் சுகம்தான், ஆனால் அதற்கு 13.8 வோல்ட்டில் 20 அம்பியருக்கு மேல் தாங்கும் பவர் சப்ளை தனியாக வேண்டும். முதலாவது கருவியைப் பழைய ஹாம் ஒருவரிடமிருந்து வாங்குவது பல வகையில் நல்லது. விலை குறையும், பழக்கம் கிடைக்கும், கூடவே அவரிடமே கேள்வியும் கேட்கலாம்.

இணையத்தில் ஓர்டர் பண்ணுமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் இறக்குமதி அனுமதியை எடுத்துவிடுங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் வந்த பொதி சுங்கத்தில் தூங்கும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி “வந்தாப் பிறகு பாப்பம்” என்று இருந்து, கருவியின் விலையில் கால்வாசியைத் தாமதக் கட்டணமாகவே கட்டினார்.

வயர்: இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்

நூறு வாட் கருவியும் மோசமான வயரும் என்பதைவிட, இருபது வாட்டும் நல்ல வயரும் தூரம் போகும். தொடர்மாடி மொட்டைமாடிக்கு நான் சொல்வது 14 மெகா ஹெர்ட்ஸ் டைப்போல், அதாவது நடுவிலிருந்து இரு பக்கமும் கை போல நீளும் வயர் அன்டெனா. 7 மெகாவுக்கு இருபது மீற்றர் நீளம் வேண்டும், பல கட்டடங்களில் அந்த நீளம் கிடைக்காது. 14க்குப் பத்து மீற்றர் போதும்.

கணக்கு எளிது. 142.5ஐ மெகா ஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீற்றரில் வரும். 14.15க்கு 10.07 மீற்றர், ஒரு கைக்கு 5.03. ஆனால் வெட்டும்போது ஒவ்வொரு கையையும் 5.20 ஆக வெட்டுங்கள். நீளத்தைக் குறைக்கலாம், ஒட்டுப்போட்டுக் கூட்டுவது வேதனை.

சாமான் எல்லாம் புறக்கோட்டையில் ஒரே நடையில் முடியும். முதலாம் குறுக்குத் தெருவில் வயர், அன்டெனாவையும் கருவியையும் இணைக்கும் கோக்ஸ் கேபிள், கனெக்டர். பழைய சோனகத் தெருவில் பிவிசி குழாயும் துருப்பிடிக்காத ஆணியும் கயிறும். சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள், பிறகு நடக்க இடமிருக்காது. கடைக்கார அண்ணை “ஏரியலா தம்பி, டீவிக்கா?” என்று கேட்டு 75 ஓம் கேபிளை எடுத்துத் தருவார். உங்களுக்கு வேண்டியது 50 ஓம். ஆர்ஜி58 என்று கேபிளின் மேலேயே அச்சடித்திருக்கும், வாசித்துவிட்டு வாங்குங்கள். 14 மெகாவுக்கு இருபது மீற்றர் ஆர்ஜி58 தாராளம். அதே இருபது மீற்றரை 145 மெகாவுக்குப் போட்டால் பாதிக்கு மேல் வலு கேபிளிலேயே சூடாகப் போய்விடும், அங்கே ஆர்ஜி213 மாதிரி தடித்தது வேண்டும்.

பாகம் பொறுக்கிச் சேர்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொழும்பில் வானொலியே அப்படித்தான் பிறந்தது. 1920களில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கியின் பாகங்களை வைத்துப் பரிசோதனை ஒலிபரப்புச் செய்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த நமக்கு அது சொந்தக் கதை.

இனிக் கட்டுவது. நடுவில் ஒரு துண்டு பிவிசி. அதன் இரு பக்கமும் வயரை முடிந்து, கோக்ஸின் நடுக்கம்பியை ஒரு கைக்கும் வலையை மற்றக் கைக்கும் ஈயம் பற்றவையுங்கள். பற்றுவைத்த இடத்துக்குக் கீழே கோக்ஸை ஒரு சாண் விட்டமுள்ள குழாயில் எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டால், கேபிளே அன்டெனாவாக மாறி வீட்டுக்குள் ஸ்பீக்கரைக் குளற வைப்பது குறையும். நடுப்பகுதியைத் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் ஒரு கழியில் உயர்த்தி, இரு கைகளையும் சரிவாகக் கீழே இறக்கிக் கட்டலாம். நுனிகள் மனிதக் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும், இரண்டரை மீற்றராவது. மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட ஆள் வருவார்கள். ஒலிபரப்பும்போது நுனியில் வோல்ட்டேஜ் கூட, தொட்டால் சுடும். தெருவின் மின்கம்பிப் பக்கமாக வயரையோ கயிற்றையோ எறியவே எறியாதீர்கள்.

கட்டியதும் எஸ்டபிள்யூஆர் பாருங்கள், அதாவது அனுப்பும் வலு அன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற அளவை. அதை அளக்கும் நானோவிஎன்ஏ என்ற சின்னக் கருவி வாங்கும் விலைக்குப் பெறுமதி. இழுத்துக் கட்டிய 10.40 மீற்றர் வயர் 13.70இல் மிகக் குறைந்த அளவைக் காட்டுகிறது என்று வையுங்கள். 10.40 பெருக்கல் 13.70, வகுத்தல் 14.15. விடை 10.07. ஆக ஒரு கைக்கு 16 சென்ரிமீற்றர் அதிகம். வெட்ட வேண்டாம், அந்த 16ஐயும் பின்னால் மடித்து வயரோடு முறுக்கிவிடுங்கள், அதுவே குறைத்ததாகிவிடும். திரும்பப் பாருங்கள். 2க்குக் கீழே வந்தால் போதும். 1.1 வரும்வரை ஏறி இறங்கி முழங்காலைக் கெடுப்பதில் பயனில்லை.

கடற்கரைக்காரருக்கு ஓர் எச்சரிக்கை: உப்பு. என் முதல் கனெக்டர் நான்கு மாதத்தில் பச்சை பிடித்தது. எஸ்டபிள்யூஆர் மெல்ல மெல்ல ஏற, நான் கருவியைச் சந்தேகித்து ஒரு மாதம் வீணாக்கினேன். கழற்றிப் பார்த்தால் கோக்ஸின் வலை, தேநீரில் போட்ட தும்பு மாதிரி கறுத்துக் கிடந்தது. வெளியே இருக்கும் ஒவ்வொரு இணைப்பையும் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றி, மேலே சாதாரண டேப். வருடம் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும்.

இடி பற்றியும் சொல்லியாக வேண்டும். மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரங்களில் கொழும்பில் இடி எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும். பயன்படுத்தாத நேரமெல்லாம் கோக்ஸைக் கருவியிலிருந்து கழற்றி, யன்னலுக்கு வெளியே விடுங்கள். கழற்றிக் கருவிக்குப் பக்கத்திலேயே போடுவது கழற்றாததற்குச் சமம்.

இரைச்சல்

கருவியைப் போட்டதும் காதில் விழுவது உலகம் இல்லை, அயலவரின் எல்ஈடி பல்பு. போன் சார்ஜர், மின்விசிறி ரெகுலேட்டர், கூரையின் சூரிய மின் இன்வேர்ட்டர் எல்லாம் சேர்ந்து, வரும் சமிக்ஞையின் வலுவைக் காட்டும் எஸ் மீற்றரை 7, 8இல் நிறுத்திவைக்கும். கருவியைப் பற்றரியில் ஓடவிட்டு, வீட்டின் பிரதான சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் விழுந்தால் எதிரி வீட்டுக்குள். பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டால் ஆள் அகப்படும். எங்கள் வீட்டில் அது சாமி அறையில் எரியும் வண்ண விளக்கு மாலை. அம்மாவோடு பேச்சுவார்த்தை நடத்தி, இரவு எட்டிலிருந்து பத்து வரை எண்ணெய் விளக்கு என்று தீர்ந்தது.

முதல் அழைப்பு

யாராவது பதில் சொல்லுங்கள் என்ற பொது அழைப்பான சீக்யூவை நீங்கள் கூப்பிடத் தொடங்குமுன், வேறொருவர் கூப்பிடுவதற்குப் பதில் சொல்லிப் பழகுங்கள். நன்றாகக் கேட்கும் ஒருவரைத் தெரிந்தெடுங்கள். அவர் நிறுத்தியதும் உங்கள் அழைப்புக்குறியை ஒரே முறை, எழுத்து எழுத்தாக, ஃபோர் சியரா என்று தொடங்கிச் சொல்லிவிட்டு விடுங்கள். அவர் திருப்பி எடுத்தால் அவர் எவ்வளவு நன்றாகக் கேட்கிறார் என்ற சமிக்ஞை அறிக்கை, உங்கள் பெயர், கொழும்பு, அவ்வளவுதான். முடிக்கும்போது 73, அதாவது வாழ்த்துகள். என் முதல் தொடர்பில் என் பெயரையே தப்பாகச் சொன்னேன், அதனால் ஒரு தாளில் எழுதி முன்னால் வையுங்கள். வீயூ என்று தொடங்கும் இந்தியக் குறியோடு தமிழ்நாட்டுக்காரர் அகப்பட்டால் தமிழிலேயே கதைக்கலாம். அழைப்புக்குறியை மட்டும் எல்லாருக்கும் விளங்கும்படி சொன்னால் சரி. வியாபாரம், பாட்டுப் போடுவது, இரகசியக் குறியீடு மூன்றும் கூடாது.

சீக்யூ கூப்பிடும் நாளில், 14.150க்கும் 14.300க்கும் இடையில் காலியான இடம் பாருங்கள். 14.300 அவசரத் தொடர்புக்கான இடம், அதை விட்டுத் தள்ளி நில்லுங்கள். “இஸ் த ஃப்ரீக்வென்சி இன் யூஸ்?” என்று இரண்டு தரம் கேட்டு, பதில் இல்லாவிட்டால் தொடங்கலாம்.

இப்போது இலங்கைக்காரருக்கே உரிய சங்கடம். நம் நாட்டில் வானலைக்கு வரும் ஆட்கள் குறைவு. இத்தாலியிலோ போலந்திலோ ஒருவருக்கு நீங்கள் அரிய பறவை. இரவு எட்டு மணிக்கு ஒரு சீக்யூ விட்டு, நீங்கள் எந்த அலைவரிசையில் இருக்கிறீர்கள் என்று யாராவது இணையத்தில் குறித்துவிட்டால், இரண்டு நிமிடத்தில் மீன்சந்தை. ஐம்பது குரல், ஒரு குறியும் விளங்காது. எனக்கு முதல்முறை அப்படி நடந்தபோது கருவியை அணைத்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

அணைக்க வேண்டாம். காதில் விழுந்த இரண்டு எழுத்தைப் பிடியுங்கள். “ஐகே2 மட்டும்” என்று சொல்லி, அது அல்லாதவர் எவ்வளவு கத்தினாலும் ஐகே2ஐ முடிக்காமல் விடாதீர்கள். ஒருமுறை கத்தினவருக்கு இடங்கொடுத்தால் அன்றிரவு முழுக்கக் கத்துவார்கள். அவரது முழுக் குறியையும் திருப்பிச் சொல்லி, நன்றாகக் கேட்கிறது என்ற 59 அறிக்கை கொடுத்து, “தேங்க் யூ” என்று முடித்து, ஒவ்வொரு தரமும் உங்கள் குறியைச் சொல்லுங்கள். கூட்டம் கூடினால் இலக்கப்படி கூப்பிடலாம்: குறியில் 1 உள்ளவர்கள், பிறகு 2 என்று. களைத்தால் “கியூஆர்டி”, அதாவது நிறுத்துகிறேன் என்று சொல்லி நிறுத்துவது மரியாதைக் குறைவில்லை. நாற்பது பேரோடு பத்து நிமிடம் நடந்தால் அது பெரிய விஷயம்.

பதிவேடு

ஒவ்வொரு தொடர்பும்: திகதி, யூடிசி நேரம், அலைவரிசை, முறை, குறி, இரு அறிக்கைகள். கொப்பியில் எழுதினாலும் கிழமைக்கு ஒருமுறை கணினியில் ஏற்றி, தொடர்புகளை உறுதிப்படுத்தும் இணையப் பதிவேடான லாக்புக் ஒஃப் த வேர்ல்டில் சேர்த்துவிடுங்கள். உங்களைத் தேடிப் பிடித்தவர்கள் உறுதிப்படுத்தலுக்குக் காத்திருப்பார்கள், விட்டால் மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கும். தொடர்பை உறுதிப்படுத்தி அனுப்பும் கியூஎஸ்எல் அட்டை அச்சடிப்பது பிறகு. நான் அவசரப்பட்டு ஐந்நூறு அச்சடித்து, கட்டக் குறியீட்டைத் தப்பாகப் போட்டேன். பின்பக்கம் இன்னமும் சந்தைக்குக் கணக்கெழுத உதவுகிறது.

கதைக்கக் கூச்சமா?

குரலில்லாமல் கணினி வழியாகக் குறுந்தகவல் மாற்றும் எஃப்டி8 முறை இருக்கிறது. கணினியே பதினைந்து விநாடிக்கு ஒருமுறை பேசும், 14.074இலும் 21.074இலும். கணினி மணிக்கூடு ஒரு விநாடிக்கு மேல் பிசகக் கூடாது, வலுவையும் பாதிக்கு இறக்குங்கள், கருவி சூடாகும். இரைச்சல் மிகுந்த தொடர்மாடிக்கு இது வரப்பிரசாதம்தான், ஆனால் ஆறு மாதம் இதிலேயே இருந்தவர்களுக்கு மைக் பிடிக்கும் தைரியம் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். கைக்கருவி வைத்திருப்போர் சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது 437.800இல் கேட்டுப் பாருங்கள், அதன் ரிப்பீட்டர் இயங்கினால் இந்தியக் குரல்கள் வரும். அலைவரிசை டொப்ளர் விளைவால் பத்து கிலோ ஹெர்ட்ஸ்வரை நகரும், கையால் பின்தொடர வேண்டும்.

கடைசியாக ஒரு பற்றரி

2004 டிசெம்பர் சுனாமியில் தொலைபேசிகள் செத்துக் கிடந்தபோது, அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுவந்தவர்களில் நம் ஹாம்களும் இருந்தார்கள். அவர்களிடம் கருவியும் இருந்தது, அதை ஓட்டப் பற்றரியும் இருந்தது. 12.8 வோல்ட், 20 அம்பியர் மணி லிதியம் இரும்புப் பொஸ்பேட் பற்றரி ஒன்று 20 வாட் கருவியை ஒரு பின்னேரம் தாராளமாக ஓட்டும்.

நான் அதை வாங்கியது சுனாமியை நினைத்து இல்லை. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு கை வைத்ததில் நாடு முழுக்க மின்சாரம் போனது. வெள்ளவத்தையில் ஒரு பல்பும் எரியவில்லை, ஒரு சார்ஜரும் ஓடவில்லை. கொழும்பில் இரைச்சலே இல்லாத வானலை கிடைக்கும் அரிய நாள் அது. மேசையில் கருவி இருந்தது, மேலே வயர் இருந்தது, பற்றரி இல்லை. பின்னேரம்வரை அம்மாவோடு பால்கனியில் இருந்து ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தேன். அடுத்த நாளே புறக்கோட்டைக்குப் போனேன்.